உங்கள் எம்.பி.யைச் சபையில் ஒரு நல்ல கேள்வி கேட்க வைப்பது எப்படி? டெல்லித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெல்லியில் நம் ஆட்கள் மனு எழுதுவதில் சளைத்தவர்கள் இல்லை. மாற்று வீடு வேண்டும், வயதான நாகஸ்வரக் கலைஞருக்கு உதவித்தொகை வேண்டும், தமிழ் விழாவுக்கு நிதி வேண்டும் என்று எதற்கும் மனு தயாராக இருக்கும். ஆனால் மனுவை வாங்கி வைத்துக்கொள்கிற அலுவலகம் அதற்கு என்ன பதில் சொன்னது, எப்போது சொன்னது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நாடாளுமன்றத்திலோ சட்டசபையிலோ ஒரு உறுப்பினர் எழுதிக் கொடுத்த கேள்வி ஏற்கப்பட்டுவிட்டால் நிலைமையே வேறு. குறிப்பிட்ட தேதியில் அமைச்சர் பெயரில் அச்சில் பதில் வந்தாக வேண்டும், தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் அது சபையின் உரிமையை மீறியதாகும். இவ்வளவு பலமான வழி ஒன்று நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும், தலைநகரில் உட்கார்ந்திருக்கிற நாம் அதை அநேகமாகத் தொடுவதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப்பை இடித்தது நினைவிருக்கும். பல பத்தாண்டுகளாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் வீட்டு வேலை, கூலி வேலை செய்கிறவர்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் நடந்தது. சுமார் 370 குடிசைகளில் 189க்குத்தான் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முதலில் முடிவானது. ஜங்புராவில் இருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் (டிடிஇஏ) நடத்துகிற லோதி எஸ்டேட் பள்ளி மாதிரி தமிழ் படிக்கிற பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் கிடையாது. அந்த வாரம் எத்தனையோ பேர் எத்தனையோ தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், வீடியோ போட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மீதிப் பேருக்குத் தகுதி இல்லை என்றது எந்தெந்தக் காரணத்தால், ஒவ்வொரு காரணத்துக்கும் எத்தனை குடும்பம், மேல்முறையீட்டில் எத்தனை பேருக்கு மாறியது என்பதை ஒரு அமைச்சர் வாயால் சொல்ல வைக்கக் கடிதமும் வீடியோவும் போதாது. அதற்குக் கேள்வி வேண்டும்.

முதலில் எந்தச் சபை என்று முடிவு பண்ணுங்கள்

டெல்லியில் பாதிக் கேள்விகள் செத்துப்போவது இங்கேதான். அரசியல் சட்டத்தின் 239ஏஏ பிரிவுப்படி நிலம், காவல், பொது ஒழுங்கு மூன்றும் டெல்லி சட்டசபையின் அதிகாரத்தில் இல்லை, மத்திய அரசின் கையில் இருக்கின்றன. நிலத்தை வைத்திருக்கும் பெரிய அமைப்பான டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆனால் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்து, யாருக்குத் தகுதி என்று பார்த்து, மாற்று வீடு ஒதுக்குகிற டியூசிப் (டெல்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம்) 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி டெல்லி அரசின் கீழ் இருக்கிறது. தண்டவாளம் ஓரத்துக் குடிசை என்றால் ரயில்வே. தெருவிளக்கு, குப்பை என்றால் மாநகராட்சி, அது உங்கள் கவுன்சிலரின் வேலை, இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

மதராசி கேம்ப் விஷயத்தையே எடுத்துக்கொண்டால், நரேலா வீடுகள் டிடிஏ கட்டியவை என்பதால் வீட்டின் நிலை, தண்ணீர், மின் இணைப்பு, சாவி கொடுத்த தேதி எல்லாம் மக்களவையில் கேட்க வேண்டியவை. யாருக்குத் தகுதி, ஏன் தகுதி இல்லை என்பதை டெல்லி சட்டசபையில் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒரே ஆளிடம் கொடுத்தால் இரண்டு பக்கமும் "எங்கள் பொறுப்பு இல்லை" என்று தள்ளிவிட வசதியாகப் போய்விடும்.

இங்கே நமக்கு ஒரு சாதகமும் இருக்கிறது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு பற்றி எந்த மாநிலத்துக்காரர் நாடாளுமன்றத்தில் கேட்டாலும் அமைச்சகத்தின் பதில் "நிலமும் குடியேற்றமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை" என்றுதான் ஆரம்பிக்கும், அதற்கப்புறம் திட்ட விவரம் நாலு பத்தி வரும், கேட்டது மட்டும் வராது. டெல்லி விஷயத்தில் அந்த வரியை எழுத அவர்களுக்கு வழி இல்லை. இங்கே நிலம் அவர்களுடையது. அதனால் கேள்வியில் "டெல்லியில்", "டிடிஏ நிலத்தில்", "மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்தில்" என்ற சொற்களை மறக்காமல் போடுங்கள்.

யாரிடம் போவது

உங்கள் தொகுதி எம்.பி. யார் என்று பாருங்கள். ஆர்.கே. புரம், கரோல் பாக் புது டெல்லித் தொகுதி. மயூர் விஹார், திரிலோக்புரி, ஜங்புரா கிழக்கு டெல்லி. ஜனக்புரி மேற்கு டெல்லி. நரேலாவுக்குக் குடிபோனவர்கள் வாக்காளர் பட்டியலை மாற்றியதும் வடமேற்கு டெல்லிக்காரர்கள் ஆகிவிடுவார்கள், பழைய எம்.பி. அலுவலகம் அதற்கப்புறம் அவர்களைத் தன் தொகுதி ஆளாக நினைக்காது, இதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஆனால் கேள்வி கேட்பதற்குத் தொகுதி ஒரு தடையே இல்லை. மத்திய அரசு பொறுப்பில் இருக்கும் எந்த விஷயத்தைப் பற்றியும் எந்த எம்.பி.யும் கேட்கலாம். தமிழ்நாட்டில் இருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். கூட்டத்தொடர் நடக்கும்போது இவர்கள் எல்லோரும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ பக்கம் இருக்கிற எம்.பி. குடியிருப்புகளுக்கு மெட்ரோவில் போய்விடலாம். திருநெல்வேலிக்காரர் ஒருவர் தன் எம்.பி.யைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறபோது நமக்கு இந்த வசதி இருக்கிறது. கட்சி பார்க்காதீர்கள். ஒரே கேள்வியை ஆளும் தரப்பில் ஒருவரும் எதிர்த்தரப்பில் ஒருவரும் கொடுத்தால் இன்னும் நல்லது, ஒரே மாதிரி கேள்விகளைச் சபைச் செயலகம் சேர்த்துப் போட்டுப் பல பெயர்களில் வெளியிடும். துறை சார்ந்த நிலைக்குழு உறுப்பினர்களைத் தேடிப் பிடியுங்கள். வீட்டுவசதிக்குத் தனி நிலைக்குழு இருக்கிறது, கலாசாரம் போக்குவரத்து, சுற்றுலாவோடு சேர்ந்த குழுவில் வருகிறது. அந்தக் குழுவில் இருக்கும் எம்.பி.க்கு விஷயம் ஏற்கெனவே தெரியும், நீங்கள் முதலில் இருந்து விளக்க வேண்டியதில்லை.

காசு, பரிசு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. 2005இல் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். கேள்வி கொடுக்கும் இணையதளத்தின் பாஸ்வேர்டை "நாங்களே போட்டுவிடுகிறோம் சார், கொடுங்கள்" என்று கேட்பதும் தப்பு, உறுப்பினர் அதை வெளியாளிடம் கொடுக்க அனுமதி கிடையாது. நீங்கள் தருவது ஒரு வரைவு மட்டும்தான், அதைத் திருத்துவதும் தாக்கல் செய்வதும் விட்டுவிடுவதும் அவர் உரிமை.

நட்சத்திரமா, எழுத்திலா

பலரும் "டிவியில் வருகிற மாதிரி எழுந்து கேட்கணும்" என்று ஆசைப்படுகிறார்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை, அதாவது எழுத்தில் மட்டும் பதில் வருபவை, 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் கேள்வி நேரம் ஒரு மணிதான், அமளி இல்லாத நாளிலேயே ஐந்தாறு கேள்விகள்தான் தாண்டும், மற்றவை எழுத்துப் பதிலாகவே போய்விடும்.

என் முடிவு தெளிவு: எண்களுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் நட்சத்திரம் இல்லாத கேள்வியே மேல். பட்டியலில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், பதில் இணைப்பு அட்டவணையோடு வரும், சபை ஒத்திவைக்கப்பட்டாலும் பதில் மேசையில் வைக்கப்பட்டுவிடும். நட்சத்திரத்தை எப்போது கேட்கலாம் என்றால், உங்களிடம் ஏற்கெனவே ஒரு எழுத்துப் பதில் இருந்து, அதில் ஒரு முரண்பாடு இருந்து, அதை அமைச்சர் முகத்துக்கு நேராக விளக்க வேண்டும் என்ற நிலை வரும்போது. அப்போது எம்.பி.க்கு இரண்டு துணைக் கேள்விகளை இரண்டிரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். நீளமாகக் கொடுத்தால் சபாநாயகர் மணியடித்துவிடுவார்.

நேரம் ரொம்ப முக்கியம். மக்களவையில் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னால் கேள்வி போய்ச் சேர வேண்டும். அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த அட்டவணை கூட்டத்தொடர் அறிவித்ததும் வெளியாகும். ஒரு எம்.பி. ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகள்தான் கொடுக்கலாம், அப்புறம் குலுக்கல். கூட்டம் தொடங்கியபின் வரைவோடு போனால் அடுத்த கூட்டத்தொடர்தான். பட்ஜெட் தொடர் ஜனவரி கடைசியில், மழைக்காலத் தொடர் ஜூலை வாக்கில், குளிர்காலத் தொடர் நவம்பர், டிசம்பரில் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பே எம்.பி.யின் உதவியாளர் கையில் தாள் இருக்கட்டும். அவரை மதித்துப் பேசுங்கள். நாளைக்கு நூறு பேர் வருகிற இடத்தில் எது எம்.பி. மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

கேள்வியை எழுதுவது

கேள்வி இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்க வேண்டும். 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. ஒரு கேள்வியில் ஒரு விஷயம். விதியில் இன்னும் பல தடைகள் உண்டு: வாதம் செய்யக் கூடாது, அடைமொழி, கிண்டல், குற்றச்சாட்டு கூடாது, அபிப்பிராயம் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் இருக்கிற விஷயத்துக்குள் போகக் கூடாது. "ஏழைத் தமிழர்களை ஈவிரக்கமின்றி விரட்டியது ஏன்?" என்று எழுதினால் அது செயலகத்தின் முதல் மேசையைத் தாண்டாது. நம் மனசு கொதிக்கிறது, நியாயம்தான், ஆனால் கொதிப்பைத் தாளில் கொட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் தப்பித்துக்கொள்வார்.

வழக்கு நடக்கிறதா? இடிப்பு சரியா தவறா என்று கேட்காதீர்கள். எத்தனை வீடு, எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய் என்று கேளுங்கள். எண்ணிக்கை கேட்பதை வழக்கின் பெயரால் தள்ளுவது கடினம்.

டெல்லி குடிசை மறுவாழ்வுக் கொள்கை 2015இன்படி, குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், தனிக் குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட ஆவணங்கள் இருக்க வேண்டும். மாடிக் குடும்பங்களுக்குத் தனி ரேஷன் கார்டு போன்ற நிபந்தனை இருப்பதால் பல பேர் கழிந்துபோகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் கேள்வி கூர்மையாகும். டெல்லி சட்டசபைக்கு ஒரு மாதிரி வரைவு, இங்கிலீஷிலோ இந்தியிலோ மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) 2022-23, 2023-24, 2024-25 ஆகிய ஆண்டுகளில் டெல்லியில் அகற்றப்பட்ட குடிசைப் பகுதிகளின் பெயர், ஒவ்வொன்றிலும் கணக்கெடுக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை;
(ஆ) அவற்றில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை, தகுதி மறுக்கப்பட்டவை, பகுதிவாரியாக;
(இ) தகுதி மறுக்கப்பட்டவற்றில் குடியிருப்புத் தேதி, வாக்காளர் பட்டியலில் பெயர் இன்மை, தனி ரேஷன் கார்டு இன்மை, பிற காரணம் என ஒவ்வொன்றிலும் எத்தனை;
(ஈ) மேல்முறையீடுகள் எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை நிலுவையில் உள்ளன;
(உ) தகுதி பெற்ற குடும்பங்களில் 31.03.2025 வரை வீட்டுச் சாவி பெற்றவை எத்தனை?

(இ)யைக் கவனியுங்கள். "காரணங்கள் என்ன" என்று மட்டும் கேட்டால் "கொள்கையில் உள்ள நிபந்தனைகளின்படி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். காரணங்களை நீங்களே பெயர் சொல்லிப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எண் போட்டாக வேண்டும். (உ)வில் தேதி போட்டிருப்பதும் காரணத்தோடுதான். தேதி இல்லாத கேள்விக்கு "வழங்கப்பட்டு வருகின்றன" என்று பதில் வரும்.

காலி வீடுகளைத் தனிக் கேள்வியாக நாடாளுமன்றத்தில் கொடுங்கள். ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில் பவானா, நரேலா, சாவ்டா கேவ்ரா பக்கம் கட்டிய வீடுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை பல வருஷம் ஆள் இல்லாமல் கிடந்தன. ஏழைகளுக்கு ஒதுக்குவதா, 2020இல் வந்த வாடகை வீட்டுத் திட்டத்தில் சேர்ப்பதா என்று இரண்டு அரசுகளும் இழுத்துக்கொண்டிருந்ததில் ஜன்னலும் கதவும் பெயர்ந்து போயின. ஒரு பக்கம் ஆயிரக்கணக்கில் காலி வீடு, இன்னொரு பக்கம் தகுதி இல்லை என்று தெருவில் நிற்கும் குடும்பம், இதைப் பற்றி நாம் கேட்காமல் யார் கேட்பது? எந்த இடத்தில் எத்தனை காலி, கட்டி முடித்த ஆண்டு, பழுதுபார்க்க ஒவ்வொரு வருஷமும் ஒதுக்கியது, செலவழித்தது. நாலே விஷயம்.

கலைக்கு வரும் காசு

2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய், கலாசார அமைச்சகத்துக்குச் சுமார் 3,360 கோடி. நூறு ரூபாயில் ஏழு பைசாவுக்கும் குறைவு. அதிலும் பெரும் பங்கு தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், நூலகங்கள், அகாதெமிகளின் சம்பளம் என்று போய்விடும். மிச்சம்தான் நேரடியாகக் கலைஞர் கைக்கு வருகிற திட்டங்கள். வயதான கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை உதவித்தொகை தருகிற திட்டம் இருக்கிறது, 60 வயது தாண்டியிருக்க வேண்டும், வருமானம் குறைவாக இருக்க வேண்டும். குரு-சிஷ்ய முறையில் குழு நடத்துகிறவர்களுக்கு மானியம் உண்டு. தவிலும் நாகஸ்வரமும் வாசித்து டெல்லிக் கோயில்களில் வாழ்நாளைக் கழித்த பெரியவர்களுக்கு இது பெரிய தொகை, மருந்துக்கு ஆகும்.

இந்தத் திட்டங்களில் கேட்க வேண்டியது "கலையை வளர்க்க அரசு என்ன செய்கிறது" என்பதை இல்லை. அப்படிக் கேட்டால் திட்டங்களின் பெயர்ப் பட்டியல் மூன்று பக்கம் வரும். கேட்க வேண்டியவை: மாநிலவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை ஏற்றார்கள், விண்ணப்பித்த நாளில் இருந்து முதல் தவணை வரை சராசரியாக எத்தனை மாதம், இப்போது எத்தனை பேருக்கு எத்தனை மாத பாக்கி, தேர்வுக் குழு கடைசியாகக் கூடிய தேதி. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். குழு கூடவில்லை என்றால் விண்ணப்பம் எதுவும் நகராது, எனவே மொத்தத் தாமதத்தின் வேர் அந்த ஒரு தேதியில் தெரிந்துவிடும்.

டெல்லி அரசு 2021 ஜனவரியில் தமிழ் அகாடமி ஒன்றை அமைத்தது. நமக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அதை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் சட்டசபையில் வருஷா வருஷம் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, நிகழ்ச்சிகளுக்குப் போனது எவ்வளவு. உங்கள் பகுதி எம்.எல்.ஏ. தமிழராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பஞ்சாபிக்காரராகவே இருக்கட்டும், அவர் தொகுதியில் நம் ஓட்டு இருக்கிறது. எல்லா மொழி அகாடமிகளையும் சேர்த்து ஒப்பிட்டுக் கேட்டால் அவரும் மகிழ்ச்சியாகக் கேட்பார். டெல்லி சட்டசபை கூடுகிற நாட்கள் குறைவு என்பதால், கேள்வி பட்டியலில் வராவிட்டால் விதி 280இன் கீழ் சிறப்புக் குறிப்பாக எழுப்பச் சொல்லுங்கள்.

வீடும் கலையும் ஒரே இடத்தில் சந்திக்கிற விஷயங்களும் உண்டு. ஷாதிபூரில் இருந்த கத்புத்லி காலனியை யோசியுங்கள். பொம்மலாட்டக்காரர்களும் மாயாஜாலக்காரர்களும் டோல் வாசிப்பவர்களுமாக வாழ்ந்த இடம். 2009இல் டிடிஏ ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்திடம் மறுகட்டுமானத்தைக் கொடுத்தது, 2017 அக்டோபர் கடைசியில் வீடுகளை இடித்தார்கள், குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்கும் நரேலாவுக்கும் பிரிந்து போயின. பத்தடி உயரப் பொம்மையை வைக்க, ஒத்திகை பார்க்க அடுக்குமாடி வீட்டில் இடம் எங்கே? இந்த மாதிரி விஷயத்தில் வீட்டுவசதி அமைச்சகம் வீட்டு எண்ணிக்கை மட்டும் சொல்லும், கலாசார அமைச்சகம் தனக்குச் சம்பந்தம் இல்லை என்னும். எனவே இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் ஒப்பந்தப்படி முடிக்க வேண்டிய தேதி, ஒப்படைத்த வீடுகள், தற்காலிக முகாமில் இன்னும் இருக்கும் குடும்பங்கள். இன்னொன்றில் இடம்பெயர்ந்த கலைஞர் குடும்பங்களில் எத்தனை பேர் அமைச்சகத்தின் எந்தத் திட்டத்தில் பயன்பெறுகிறார்கள் என்பது. இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சமூகத்துக்கு என்ன ஆனது என்று தெரியும்.

பட்ஜெட் கணக்கைப் படிக்கிற விதம்

இந்தப் பகுதிக்கு நிறையப் பேர் பயப்படுகிறார்கள். மூன்று சொல் தெரிந்தால் போதும். பட்ஜெட் மதிப்பீடு என்பது வருஷ ஆரம்பத்தில் சொல்வது. திருத்திய மதிப்பீடு நடுவில் மாற்றுவது. உண்மைச் செலவு வருஷம் முடிந்தபின் கணக்கில் ஏறியது. பிப்ரவரியில் தலைப்புச் செய்தியாக வருவது முதல் எண். குடும்பத்துக்கு வந்து சேர்வது மூன்றாவது. ஒரு திட்டத்துக்கு இந்த மூன்றையும் ஐந்து வருஷத்துக்குக் கேளுங்கள், வேறு எதுவுமே வேண்டாம். முதல் எண் ஏறிக்கொண்டே போய் மூன்றாவது எண் அதே இடத்தில் நின்றால் அறிவிப்பு வேறு, வேலை வேறு என்று புரிந்துவிடும்.

மொத்த அமைச்சகத்துக்குக் கேட்காதீர்கள், திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்களுக்கு" என்றால் எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய எண் தருவார்கள். 2015இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்திலேயே பல பிரிவுகள் இருந்தன. குடிசை இருந்த இடத்திலேயே கட்டித் தருகிற பிரிவில் மத்திய அரசின் பங்கு வீட்டுக்கு 1 லட்சம் ரூபாயாகவும், சொந்த நிலத்தில் கட்டுகிறவர்களுக்கு 1.5 லட்சமாகவும் இருந்தது. டெல்லியில் முதல் பிரிவில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. கால்காஜியில் 2022 நவம்பரில் 3,024 வீடுகள், அசோக் விஹாரில் 2025 ஜனவரியில் 1,675 வீடுகள் திறக்கப்பட்டன. அடுத்தது எங்கே, டெண்டர் எந்த நிலையில், பணம் எந்த வருஷக் கணக்கில்? இப்படிக் கேட்கலாம்.

தணிக்கை அறிக்கைகளை விட்டுவிடாதீர்கள். டெல்லியில் தலைமைத் தணிக்கையாளரின் (சிஏஜி) 14 அறிக்கைகள் சட்டசபையில் வைக்கப்படாமல் கிடந்து, 2025 பிப்ரவரி 25 முதல்தான் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. எந்தக் கட்சி ஆண்டாலும் இது மறுபடி நடக்கக் கூடாது. "கடந்த மூன்று ஆண்டுகளில் அரசுக்கு வந்து சேர்ந்த தணிக்கை அறிக்கைகள், வந்த தேதி, சபையில் வைத்த தேதி" என்று ஒரு எம்.எல்.ஏ. ஒவ்வொரு தொடரிலும் கேட்டால் போதும்.

தகவல் உரிமைச் சட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய், 30 நாள். முதலில் ஆர்டிஐ போட்டு ஒரு எண்ணை வாங்கிவிட்டு, அதை வைத்துக் கேள்வி எழுதினால் எம்.பி.க்கும் நம்பிக்கை வரும். பழைய பதில்களையும் தேடுங்கள், மக்களவை, மாநிலங்களவைக் கேள்வி பதில்கள் எல்லாம் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அண்மையில் பதில் சொல்லிவிட்ட கேள்வியைத் திரும்பக் கொடுத்தால் நிராகரித்துவிடுவார்கள், அந்தப் பதிலில் விடுபட்டதை மட்டும் கேட்டால் ஏற்பார்கள்.

பதில் வந்தபின்

பதில் மதியத்துக்குள் இணையத்தில் ஏறிவிடும். இறக்கிக்கொண்டு, கேள்வியில் எத்தனை உட்பிரிவு இருந்ததோ அத்தனைக்கும் பதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். "(அ) முதல் (உ) வரை" என்று சேர்த்துக் கட்டி ஒரே பத்தியாகப் பதில் எழுதுவது பழைய பழக்கம். கேட்காததை நிறையச் சொல்லி, கேட்ட ஒன்றைச் சொல்லாமல் விடுவது அதில்தான் நடக்கும். விட்டது எதுவோ அதுவே உங்கள் அடுத்த கேள்வி. விஷயம் பெரியது, பதில் தெளிவில்லை என்றால் அரைமணி நேர விவாதம் கேட்டு எம்.பி. நோட்டீஸ் கொடுக்கலாம்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, சபையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அது ஒரு உறுதிமொழியாகப் பதிவாகிவிட்டது. மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். அரசு உறுதிமொழிகளுக்கான குழு என்று இரண்டு அவைகளிலும் தனித்தனியாக இருக்கிறது, தாமதமானால் அமைச்சகத்தைக் கூப்பிட்டுக் கேட்கும். மூன்று மாதம் முடிகிற தேதியை உங்கள் சங்கத்தின் நோட்டில் எழுதி வைத்து, அந்த வாரமே எம்.பி. அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். உதவியாளர்கள் மாறிவிடுவார்கள், கேள்வி எண்ணும் தேதியும் உங்களிடம் இருந்தால் புதிதாக வந்தவர் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

பதிலை நாலு பிரதி எடுங்கள். ஒன்று சங்கத்தில். ஒன்று வழக்கு நடத்தும் வக்கீலிடம், அமைச்சர் சபையில் சொன்ன எண்ணை நீதிமன்றத்தில் அரசுத் தரப்பே மறுப்பது கடினம். ஒன்று டியூசிப்பில் மேல்முறையீடு போடுகிற குடும்பத்தின் ஃபைலில். இன்னொன்று தமிழில் சுருக்கி, எண்களை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, சம்பந்தப்பட்ட மக்களிடம். கேள்வி கேட்ட எம்.பி.க்கு ஒரு நன்றிக் கடிதம், அடுத்த தொடருக்கான வரைவையும் அதே உறையில் வைத்து.